ஐரோப்பியச் சந்தையில் பருத்தி டி-ஷர்ட்: சுங்க வரித் தரவை எங்கே எடுப்பது, எந்த மென்பொருளில் அலசுவது?

இழைக்கணக்கு (கேள்வி)

வணக்கம். நான் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இது இரண்டாம் ஆண்டு. பருத்தி டி-ஷர்ட் ஒன்றை மட்டும், அதாவது எச்எஸ் (பன்னாட்டுச் சரக்கு வகைப்பாட்டு) குறியீடு 610910ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, 2005 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் ஏற்றுமதி எப்படி ஏறி இறங்கியது, அதில் சுங்க வரி வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்று அளப்பதே என் நோக்கம். சொந்த ஊர் திருப்பூர் என்பதால் பொருளைத் தேர்ந்தெடுக்க நேரம் ஆகவில்லை. தரவைச் சேர்ப்பதற்குத்தான் ஆறு மாதம் போய்விட்டது.

வணிக மதிப்பை ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்திலிருந்து எடுத்தேன். வரி விகிதத்தை உலக வங்கியின் விட்ஸ் தளம் வழியாக, ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பான அங்க்டாட்டின் டிரெய்ன்ஸ் தரவுத்தளத்திலிருந்து எடுத்தேன். இறக்குமதி நாடு, ஏற்றுமதி நாடு, ஆண்டு ஆகிய மூன்றையும் வைத்து இரு கோப்புகளையும் இணைத்தபோது ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் என எல்லா வரிசைகளிலும் வரி நிரல் காலியாகவே வந்தது. காலியிடங்களை எம்எஃப்என் (சலுகை இல்லாத நாடுகளுக்கான பொது) விகிதமான 12 சதவீதத்தால் நிரப்பிவிட்டு, ஏற்றுமதி நாடு-ஆண்டு, இறக்குமதி நாடு-ஆண்டு நிலைத்த விளைவுகளோடு (ஒரு நாட்டுக்கு ஓர் ஆண்டில் பொதுவாக உள்ள காரணங்களைத் தனியே பிரித்துவைக்கும் மாறிகள்) ரெக்ரெஷன் ஓட்டினால், மென்பொருள் வரி மாறியையே நீக்கிவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் விடை தருகிறது. எந்தக் கேள்விக்காக ஆய்வைத் தொடங்கினேனோ அந்த மாறிதான் காணாமல் போகிறது.

இரண்டாவதாக, இந்தியா ஜெர்மனிக்கு அனுப்பியதாகச் சொல்லும் தொகையும், ஜெர்மனி இந்தியாவிலிருந்து பெற்றதாகச் சொல்லும் தொகையும் எந்த ஆண்டிலும் பொருந்தவில்லை. எதை நம்புவது?

மூன்றாவதாக, விட்ஸ் தளத்திலேயே உள்ள ஸ்மார்ட் மாதிரி (வரி மாற்றத்தின் விளைவை ஒரே சந்தைக்குள் கணிப்பது) போதுமா, ஜிடாப் (பொருளாதாரம் முழுவதற்குமான மாதிரி) வரைக்கும் போக வேண்டுமா, அல்லது நாடுகளின் அளவு, தொலைவு முதலியவற்றைக் கொண்டு வணிகத்தை விளக்கும் ஈர்ப்பு மாதிரியைத் தொடர்வதுதான் சரியா என்று துறையில் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் உரிமம் வாங்கும் வசதி எனக்கு இல்லை. இலவச மென்பொருளான ஆர் ஓரளவு தெரியும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுங்கச்சுவடி

வணக்கம் அம்மா. உங்கள் முதல் கேள்விக்குள் மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே இருப்பதை எடுத்தால்தான் கீழே இருப்பது தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரே சுங்க ஒன்றியம் என்பதால் ஜெர்மனிக்கென்று தனி வரி அட்டவணை கிடையாது. டிரெய்ன்ஸ் தரவில் ஒன்றியம் முழுவதற்கும் 918 என்ற ஒரே குறியீடுதான் உண்டு. நீங்கள் ஜெர்மனியின் 276ஐ வைத்துத் தேடியதால் எதுவும் அகப்படவில்லை. உறுப்பு நாடு ஒவ்வொன்றையும், அது உறுப்பினராக இருந்த ஆண்டுகளுக்கு மட்டும், 918 என்று மாற்றித் தரும் ஒரு சிறு அட்டவணையை முதலில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பல்கேரியாவும் ருமேனியாவும் 2007இலும் குரோவேஷியா 2013இலும் சேர்ந்தவை என்பதை மறக்க வேண்டாம். ஏற்றுமதி நாட்டுப் பக்கமும் இதே கவனம் தேவை. காம்ட்ரேட்டில் இந்தியாவின் எண் 699. ஐஎஸ்ஓ எனும் பன்னாட்டுத் தர அமைப்பின் பட்டியலிலோ 356. பிரான்ஸ் 251, அமெரிக்கா 842, சுவிட்சர்லாந்து 757 என்று இன்னும் சில நாடுகளும் ஐஎஸ்ஓ எண்ணிலிருந்து விலகி நிற்கும். வேறு மூலத்திலிருந்து தொலைவு, மக்கள்தொகை முதலியவற்றை இணைக்கும்போது எண்ணைத் தவிர்த்து மூன்றெழுத்து நாட்டுக் குறியீட்டைப் பயன்படுத்தினால் பாதித் தலைவலி குறையும்.

அடுத்தது, காலியிடத்தை 12ஆல் நிரப்பியது. கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஆய்வின் உயிரே அந்த இடத்தில்தான் போயிற்று. 12 சதவீதம் என்பது சலுகை எதுவும் இல்லாத நாட்டுக்கு உரிய எம்எஃப்என் விகிதம். நீங்கள் எடுத்த மூன்று நாடுகளுமே அந்தக் காலத்தில் அதை முழுதாகக் கட்ட வேண்டிய நிலையில் இருந்தவை அல்ல. இந்தியாவுக்குப் பொதுவான ஜிஎஸ்பி (வளரும் நாடுகளுக்கான வரிக் குறைப்பு) சலுகை இருந்தது. ஆடைகளுக்கு அது எம்எஃப்என் விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும், ஆகவே 9.6 சதவீதம். வங்கதேசம் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பதால், ஆயுதம் தவிர்த்த அனைத்துக்கும் வரிவிலக்கு என்று 2001இல் வந்த ஏற்பாட்டின்படி சுழியம். இலங்கையின் விகிதம் மட்டும் ஏறி இறங்கியது: 2005இல் ஜிஎஸ்பி பிளஸ் என்ற கூடுதல் சலுகை கிடைத்துச் சுழியம், 2010 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டபோது 9.6, 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தபோது மறுபடி சுழியம். மூன்று நாட்டுக்கும் எல்லா ஆண்டுக்கும் 12 என்று எழுதினால் மாறியில் மாறுவதற்கு எதுவும் இல்லை. மென்பொருள் அதை நீக்கியது நியாயமே.

விட்ஸில் வரித் தரவு கேட்கும்போது எந்த வகை விகிதம் வேண்டும் என்று ஒரு தேர்வு வரும். எம்எஃப்என் ஒன்று; உலக வர்த்தக அமைப்பில் உச்சவரம்பாக ஒப்புக்கொண்ட கட்டுண்ட விகிதம் ஒன்று; சலுகை விகிதம் ஒன்று; கிடைப்பவற்றுள் மிகக் குறைந்ததைத் தரும் ஏஎச்எஸ் எனப்படும் நடைமுறை விகிதம் ஒன்று. உங்களுக்கு வேண்டியது கடைசியில் சொன்னது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. சலுகை விகிதம் பதிவாகாத ஆண்டில் அதற்குக் குறைந்த விகிதம் தெரியாததால் எம்எஃப்என் விகிதமே நடைமுறை விகிதமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சலுகை நடுவில் ஓராண்டு மட்டும் ரத்தாகி மறுபடி வந்ததுபோல ஒரு கூர்முனை வரைபடத்தில் தெரிந்தால், அது பெரும்பாலும் கொள்கை மாற்றமாக இராது, பதிவு விடுபட்டதாகவே இருக்கும். ஆயிரக்கணக்கான பொருள்களை எடுப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். உங்களுக்கு ஒரே பொருள், மூன்று நாடுகள், பதினைந்து ஆண்டுகள். மொத்தம் 45 எண்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி ஒழுங்குமுறை ஆவணங்களைத் திறந்து அந்த 45ஐயும் கையால் சரிபார்க்க ஒரு பிற்பகல் போதும்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் ரெக்ரெஷன் வரி மாறியை மறுபடியும் நீக்கும். அதுதான் மூன்றாவது தவறு. ஒன்றியத்து நாடுகள் எல்லாம் இலங்கைக்கு ஒரே ஆண்டில் ஒரே வரிதான் போடுகின்றன. அப்படியானால் உங்கள் வரி மாறி ஏற்றுமதி நாட்டுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மட்டுமே மாறுகிறது. ஏற்றுமதி நாடு-ஆண்டு நிலைத்த விளைவு அதை அப்படியே விழுங்கிவிடும். எந்தத் தரவுத்தளத்துக்கு மாறினாலும் இது தீராது. இறக்குமதி நாடுகள் பட்டியலில் ஒன்றியத்துக்கு வெளியே உள்ள அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்றவற்றையும் சேருங்கள். அமெரிக்கா அந்தக் காலத்தில் இதே டி-ஷர்ட்டுக்கு மூன்று நாடுகளிடமும் 16.5 சதவீதம் வாங்கியது. கனடா 2003 முதலே வங்கதேசத்துக்குச் சுழியம் கொடுத்தது. அப்போதுதான் ஒரே ஏற்றுமதி நாடு ஒரே ஆண்டில் இருவேறு சந்தைகளில் இருவேறு வரியைச் சந்திக்கிறது என்ற நிலை உருவாகும். அளக்க வேண்டியதும் அதைத்தான்.

ஷிப்பிங்பில்

நான் ஆய்வாளன் அல்ல. பின்னலாடை ஏற்றுமதிக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கன்டெய்னர் கிளம்பும்போது ஷிப்பிங் பில் எனும் ஏற்றுமதிச் சுங்க ஆவணத்தில் 61091000 என்று எட்டிலக்கக் குறியீடு போட்டு, எஃப்ஓபி மதிப்பை எழுதுகிறோம். எஃப்ஓபி என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரை ஆன விலை. அதே சரக்கு அங்கே இறங்கும்போது கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து சிஐஎஃப் மதிப்பாகப் பதிவாகும். ஆகவே இறக்குமதி நாட்டுக் கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்புதான். குறைவாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனிக்காரர் வாங்கும் சரக்கு பல நேரம் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருக்கும் கிடங்கிலிருந்து லாரியில் ஜெர்மனிக்குப் போகும். அனுப்பும் நாளில் எங்களுக்குத் தெரிந்த இடம் ராட்டர்டாம் என்றால் நெதர்லாந்து என்றுதான் எழுதப்படும். அந்தச் சரக்குக்கு எங்கே சுங்கம் கட்டுகிறார்கள், யார் கணக்கில் ஏறுகிறது என்பதெல்லாம் வாங்குபவரின் வசதி. இதோடு நாளும் ஒத்துப்போகாது: டிசம்பர் மூன்றாம் வாரம் கிளம்பிய சரக்கு ஜனவரியில்தான் அங்கே போய்ச் சேரும்.

இன்னொன்று கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தியத் தொகையை நீங்கள் காம்ட்ரேட்டிலிருந்து எடுத்தீர்களா, அல்லது வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவு வங்கியிலிருந்து எடுத்தீர்களா? பின்னதில் ஆண்டுக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும். அதை ஜெர்மனியின் ஜனவரி-டிசம்பர் கணக்கோடு வைத்துப் பார்த்தால் என்ன செய்தாலும் பொருந்தாது.

நிரல்நேர்

ஷிப்பிங்பில் ஐயா சொன்ன நெதர்லாந்துக் குழப்பத்தால்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இறக்குமதி நாட்டின் பதிவையே முதலில் நம்புகிறார்கள். வரி வசூலிக்க வேண்டியிருப்பதால் சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதை இறக்குமதிச் சுங்கம் கவனமாகப் பார்க்கிறது. ஏற்றுமதிப் பக்கம் அந்த அக்கறைக்குக் காரணமில்லை.

இரு பக்கப் பதிவையும் சமரசம் செய்து ஒரே எண்ணாகத் தரும் தரவுதான் உங்களுக்கு வேண்டும் என்றால், பாரிஸில் உள்ள செப்பீ ஆய்வு மையத்தின் பாசி தரவுத்தளத்தைப் பாருங்கள். (குளத்துப் பாசி இல்லை, பெயர்ச் சுருக்கம் தமிழில் அப்படி அமைந்துவிட்டது.) காம்ட்ரேட்டின் மூலத் தரவை எடுத்து, சிஐஎஃப் மதிப்பிலிருந்து போக்குவரத்துச் செலவை மதிப்பிட்டுக் கழித்து, எந்த நாட்டின் பதிவு எவ்வளவு நம்பகமானது என்று எடையிட்டுச் சேர்க்கிறார்கள். இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கோப்பில் ஆறே நிரல்கள்: ஆண்டு, ஏற்றுமதி நாடு, இறக்குமதி நாடு, ஆறிலக்கப் பொருள் குறியீடு, ஆயிரம் டாலரில் மதிப்பு, மெட்ரிக் டன்னில் அளவு. நீங்கள் 2005இலிருந்து தொடங்குவதால் எச்எஸ் 2002 பதிப்பிலான கோப்பை எடுத்தால் பதினைந்து ஆண்டுக்கும் ஒரே குறியீட்டு முறை கிடைக்கும். எச்எஸ் பட்டியல் 1988இல் நடைமுறைக்கு வந்தது முதல் 1996, 2002, 2007, 2012, 2017, 2022 என்று திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. 610910 அதிர்ஷ்டவசமாக இதில் சிக்காத குறியீடு. நாளைக்கு வேறு பொருளைச் சேர்த்தால், குறிப்பாக மின்னணுப் பொருள்களை, பழைய குறியீட்டுக்கும் புதியதற்கும் இடையிலான பொருத்த அட்டவணை இல்லாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது.

ஆனால் பாசியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வணிகம் நடக்காத இணைகளுக்கு அங்கே வரிசையே இராது. சுழியம் என்று எழுதியிருக்காது, இல்லாமல் போயிருக்கும். ஈர்ப்பு மாதிரியில் அந்தச் சுழியங்களும் செய்தியே என்பதால், எல்லா ஏற்றுமதி நாடு, எல்லா இறக்குமதி நாடு, எல்லா ஆண்டு என்ற முழுச் சட்டகத்தை முதலில் கட்டிக்கொண்டு, அதன்மேல் பாசியை ஒட்டி, இல்லாத இடத்தில் சுழியம் இடுங்கள். வரி நிரலுக்கு மட்டும் இந்த வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். வணிக நிரலில் காலியிடம் பெரும்பாலும் சுழியம். வரி நிரலில் காலியிடம் என்றால் பதிவு இல்லை என்று மட்டுமே பொருள்.

மென்பொருளைப் பொறுத்தவரை ஆர் உங்களுக்குத் தாராளமாகப் போதும். மடக்கை எடுத்துச் சாதாரண ரெக்ரெஷன் ஓட்டினால் சுழியங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும் என்பதோடு, பிழையின் சிதறல் சீராக இல்லாதபோது விடையும் சாயும் என்று சான்டோஸ் சில்வாவும் டென்ரேரோவும் 2006இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சுழியங்களையும் ஏற்கும் பாய்சான் முறையே இத்துறையில் வழக்கமாகிவிட்டது. ஸ்டேட்டாவில் அதற்குப் பிபிஎம்எல்எச்டிஎஃப்இ என்ற கட்டளை. ஆரில் ஃபிக்செஸ்ட் தொகுப்பின் ஃபெபாய்ஸ் செயற்கூறு அதே வேலையைச் செய்யும், வேகமும் அதிகம். வரியை 9.6 என்று அப்படியே கொடுக்காமல், 1.096இன் மடக்கையாகக் கொடுங்கள். காம்ட்ரேட் மதிப்பில் இறக்குமதி வரி சேராது என்பதால், வரும் கெழுவின் குறியை மாற்றினால் நாடுகளுக்கிடையிலான பதிலீட்டு நெகிழ்ச்சி (விலை மாறும்போது வாங்குவோர் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு மாறுவார்கள் என்பதன் அளவு) கிடைக்கும். அது ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க, பொருளுள்ள எண்.

காம்ட்ரேட்டிலிருந்து கையால் இறக்குவதையும் நிறுத்திவிடலாம். இலவசமாகப் பதிவுசெய்து ஏபிஐ சாவி (நிரல் வழியே தரவு கேட்பதற்கான அனுமதிக் குறியீடு) வாங்கிக்கொண்டால் ஆரின் காம்ட்ரேடார் தொகுப்பு நேரடியாக எடுத்துவரும். பைத்தானிலும் இதற்கென்று தொகுப்பு உண்டு. எக்செல்லில் மட்டும் இடைநிலைக் கோப்பைத் திறந்து சேமிக்காதீர்கள். 10,48,576 வரிசைகளுக்குமேல் அது ஏற்காது என்பது ஒருபுறம். 010121 போன்ற குறியீட்டின் முன்சுழியத்தை உதிர்த்து ஐந்திலக்கமாக்கிவிடும் என்பது இன்னொருபுறம். நான் ஒரு முறை அப்படிச் சேமித்துவிட்டு, முதல் ஒன்பது அத்தியாயப் பொருள்கள் எதுவும் இணையவில்லையே என்று இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

கொழும்புத்துறை

சுங்கச்சுவடி அவர்கள் இலங்கையின் தீர்வை (சுங்க வரி) வீதம் மாறிய ஆண்டுகளைச் சரியாகக் குறிப்பிட்டுள்ளார். இலங்கையில் ஆடை ஏற்றுமதியைப் பற்றி ஆய்வு செய்தவன் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

சலுகை நிறுத்தப்பட்டது 2010 ஆகஸ்ட் 15ஆம் தேதி. திரும்பக் கிடைத்தது 2017 மே 19ஆம் தேதி. ஆண்டுத் தரவில் 2010ஐ எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? ஏழரை மாதம் சுழியம், நாலரை மாதம் 9.6. ஆண்டுத் தரவுத்தளம் எதுவாயினும் அந்த ஆண்டுக்கு ஒரே ஒரு வீதத்தைத்தான் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் நிறுவனமான யூரோஸ்டாட்டின் காமெக்ஸ்ட் தரவுத்தளம் மாத வாரியாக, எட்டிலக்கக் குறியீட்டில், உறுப்பு நாடு வாரியாகக் கிடைக்கிறது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஐரோப்பிய எட்டிலக்கக் குறியீடும் 61091000தான் என்பதால் பொருத்துவதிலும் சிரமமில்லை. உங்கள் ஆய்வின் இலங்கைப் பகுதியையாவது மாதத் தரவில் மீண்டும் செய்து பாருங்கள். வெளிச் சந்தைகளுக்கான மாதத் தரவைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும், ஆயினும் அந்த உழைப்பு வீண்போகாது. நிறுத்தப் போகிறார்கள் என்பது பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால், வாங்குவோர் அதற்கு முன்னரே கொள்முதல் கட்டளைகளை வேறு நாட்டுக்கு மாற்றினார்களா என்பதையும் மாதத் தரவுதான் காட்டும்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. சலுகை உண்டு என்பது வேறு, சலுகையைப் பயன்படுத்தினார்கள் என்பது வேறு. ஜிஎஸ்பி பிளஸ் இருந்த காலத்திலும் இலங்கையிலிருந்து போன எல்லா ஆடையும் சுழிய வீதத்தில் போகவில்லை, ஏனெனில் தோற்ற விதி குறுக்கே நின்றது. நூலிலிருந்து துணி, துணியிலிருந்து ஆடை என்ற இரு படிகளும் சலுகை பெறும் நாட்டில், அல்லது பிராந்தியத் திரட்சி (அயல்நாட்டில் நடந்த வேலையையும் சேர்த்துக் கணக்கிடும் விதி) அனுமதிக்கும் அயல்நாடுகளில் நடந்திருக்க வேண்டும். சீனத் துணியை வாங்கித் தைத்து அனுப்பிய ஆலை முழுத் தீர்வையையே கட்டியது. வங்கதேசத்துக்கோ 2011 ஜனவரி முதல் தைப்பது மட்டும் அங்கே நடந்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. தீர்வை நிரலைப் பார்த்தால் 2010க்கும் 2011க்கும் இடையில் வங்கதேசத்தின் வீதம் சுழியம், சுழியம் என்று அசையாமல் இருக்கும். களத்திலோ பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அதுவும் நீங்கள் இலங்கையின் இழப்பை அளக்கப்போகும் அதே மாதங்களில்! பின்னலாடையில் வங்கதேசத்துக்கு உள்நாட்டுத் துணி உற்பத்தி ஏற்கெனவே வலுவாக இருந்ததால் இந்தத் தளர்வின் பலன் நெய்த ஆடைக்கே கூடுதலாகப் போனது என்பது உங்களுக்கு ஓர் ஆறுதல். ஆயினும் ஆய்வேட்டில் அதைச் சொல்லாமல் விட்டால் தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

எந்தத் தீர்வை ஆட்சியின்கீழ் எவ்வளவு இறக்குமதி நுழைந்தது என்பதை யூரோஸ்டாட் தனியாக வெளியிடுகிறது. 61091000 குறியீட்டில் சுழிய வீதத்தில் நுழைந்த பங்கு, எம்எஃப்என் வீதத்தில் நுழைந்த பங்கு என்று பிரித்து எடுத்தால், உண்மையில் கட்டிய சராசரித் தீர்வையை நீங்களே கணக்கிடலாம்.

சுங்கச்சுவடி

கொழும்புத்துறை அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் தொடக்க ஆண்டான 2005இல்தான் ஜவுளிக்கான ஒதுக்கீட்டு (கோட்டா) முறை உலக அளவில் முடிந்தது. ஆனால் சீன டி-ஷர்ட்டுகளுக்கு ஐரோப்பா அந்த ஆண்டே மறுபடி அளவுக் கட்டுப்பாடு போட்டு 2007 முடிய வைத்திருந்தது. இதுவும் எந்த வரி நிரலிலும் தெரியாது. சீனாவை ஏற்றுமதி நாடாகச் சேர்க்காமல் மூன்று நாடுகளை மட்டும் பார்த்தால், 2008க்குப் பிந்தைய சீனப் போட்டியின் நெருக்கடியை வரியின் தலையில் ஏற்றிவிட நேரும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஸ்மார்ட்டும் ஜிடாப்பும் நீங்கள் கேட்கும் கேள்விக்கு உரிய கருவிகள் அல்ல. வரி மாறினால் இனி என்ன நடக்கும் என்பதற்கே அவை விடை சொல்லும். நடந்து முடிந்ததில் வரியின் பங்கு எவ்வளவு என்பதை அளப்பதற்கு ஈர்ப்பு மாதிரிதான் பொருத்தம்.

ஆனாலும் ஸ்மார்ட்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கொள்கை அறிக்கைகளில் பாதி அதில்தான் தயாராகின்றன. அதன் கணக்கு மிக எளிது. ஐரோப்பா இந்தியாவிடம் 100 ரூபாய்க்கு வாங்குகிறது, இறக்குமதித் தேவை நெகிழ்ச்சி (விலை ஒரு சதவீதம் குறைந்தால் வாங்குவது எத்தனை சதவீதம் கூடும் என்பது) 2, வரி 9.6இலிருந்து சுழியத்துக்கு இறங்குகிறது என்று வையுங்கள். 9.6ஐ 109.6ஆல் வகுத்தால் விலை ஏறத்தாழ 8.8 சதவீதம் குறைகிறது. அதை 2ஆல் பெருக்கினால் வணிகம் 17.5 ரூபாய் புதிதாக உருவாகிறது. வங்கதேசத்திடமிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வணிகம் தனிக் கணக்கு. அதைத் தீர்மானிப்பது பதிலீட்டு நெகிழ்ச்சி. விட்ஸில் அதற்கு இயல்பாகவே 1.5 என்று இட்டிருப்பார்கள். ஏற்றுமதி அளிப்பு நெகிழ்ச்சிக்கு 99, அதாவது வரம்பற்றது. என்னைக் கேட்டால், டி-ஷர்ட் போன்ற பொருளுக்கு அந்த 1.5 மிகக் குறைவு. டாக்காவில் தைத்ததற்கும் திருப்பூரில் தைத்ததற்கும் அடையாளச் சீட்டைப் பார்க்காமல் வேறுபாடு சொல்ல முடியாது. உங்கள் ஈர்ப்பு மாதிரி தரும் நெகிழ்ச்சியை எடுத்து அந்த 1.5 இருந்த இடத்தில் போட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்தீர்கள் என்றால் அதுவே ஒரு தனி அத்தியாயம் ஆகும். அளிப்பு வரம்பற்றது என்ற அனுமானத்தையும் கேள்வி கேளுங்கள். சாயப்பட்டறைக் கழிவுநீர்ச் சிக்கலால் 2011இல் திருப்பூர்ப் பட்டறைகள் உயர் நீதிமன்ற உத்தரவின்படி மூடப்பட்டதை நேரில் கண்டவர்கள் அந்த 99ஐ ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஜிடாப் பொதுச் சமநிலை மாதிரி. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கியது. கூலி, பருத்தி, போக்குவரத்து, பிற துறைகள் என்று பொருளாதாரம் முழுவதும் சேர்ந்து நகர்வதைக் காட்டும். ஆனால் அதன் 11ஆம் பதிப்பில் உலகப் பொருளாதாரமே 65 துறைகள்தான். பின்னலாடையும் நெய்த ஆடையும் ஒரே துறைக்குள் அடங்கிவிடும். ஒரே ஓர் ஆறிலக்கக் குறியீட்டை ஆராயும் உங்களுக்கு அது பயன்படாது.

இழைக்கணக்கு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 918ஐ வைத்து இணைத்து, 45 விகிதங்களையும் ஒழுங்குமுறை ஆவணங்களோடு ஒப்பிட்டு முடித்தேன். ஷிப்பிங்பில் ஐயா ஊகித்தது சரி: இந்தியத் தொகையை நிதியாண்டுக் கணக்கிலிருந்துதான் எடுத்திருந்தேன். சீனா, துருக்கி, பாகிஸ்தானை ஏற்றுமதிப் பக்கமும் அமெரிக்கா, கனடா, ஜப்பானை இறக்குமதிப் பக்கமும் சேர்த்து, பாசியை வைத்து ஃபெபாய்ஸில் ஓட்டியபோது வரி மாறி நீங்காமல் நின்றது. குறியும் எதிர்மறையாகவே வந்தது. அளவைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்லத் துணிவில்லை. யூரோஸ்டாட்டின் வரி ஆட்சி வாரியான தரவைச் சேர்த்த பிறகே நம்பிப் பேச முடியும்.

ஒரு துணைக் கேள்வி. அமெரிக்காவைச் சேர்த்ததைப் பார்த்த நெறியாளர், காலத்தை 2025 வரை நீட்டி, இந்தியாவின்மீது அங்கே விதிக்கப்பட்ட கூடுதல் வரியையும் கொண்டுவரச் சொல்கிறார். அமெரிக்க வரி அட்டவணையில் 6109.10 என்ற வரிசையைத் திறந்து பார்த்தால் இன்னும் 16.5 என்றே இருக்கிறதே?

நிரல்நேர்

அந்த வரிசையில் அது அப்படியேதான் இருக்கும். அவ்வகைக் கூடுதல் வரிகளை ஒவ்வொரு பொருளின் வரிசையிலும் எழுதுவதில்லை. அட்டவணையின் கடைசியில் உள்ள 99ஆம் அத்தியாயத்தில், 9903 என்று தொடங்கும் தலைப்புகளின்கீழ் தனியே எழுதி, அடிப்படை விகிதத்தின்மேல் கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள். 2025இல் இந்தியாவுக்கு ஏப்ரலில் 10 சதவீதம், ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27இல் மேலும் 25 சேர்ந்து 50 சதவீதம் என்று ஒரே ஆண்டுக்குள் மூன்று முறை மாறியது. ஆண்டுக்கு ஒரு படம் பிடிக்கும் டிரெய்ன்ஸில் இதைத் தேடிப் பயனில்லை.

அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் டேட்டாவெப் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொண்டு, 610910க்கு மாத வாரியாகச் சுங்க மதிப்பையும் கணக்கிடப்பட்ட வரித் தொகையையும் கேளுங்கள். பின்னதை முன்னதால் வகுத்தால் அந்த மாதம் நடைமுறையில் விழுந்த விகிதம் கிடைக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அது 66.5ஐ எட்டாமல் கீழே நின்றால் தரவில் பிழை என்று எண்ண வேண்டாம்: தேதிக்கு முன்பே கப்பலேறிய சரக்குக்குப் பழைய விகிதம் என்று விலக்கு இருந்தது. உங்கள் ஈர்ப்பு மாதிரிக்குள் போக வேண்டியது இப்படிக் கணக்கிட்ட விகிதமா, சட்டம் சொன்ன விகிதமா என்பதை நெறியாளரிடம் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்; நான் இரண்டையும் தனித்தனி நிரலாக வைத்துக்கொள்வேன்.